120 ஊழியர்கள், ஒரு நன்கொடைத் தொகை: கொழும்பின் சதுப்பிலும் கால்வாய்க்கரையிலும் உருப்படியாக என்ன செய்யலாம்?

மழைக்குருவி

எல்லோருக்கும் வணக்கம். கொழும்பில் உள்ள ஒரு மென்பொருள் கம்பனியின் மனிதவளப் பிரிவுக்காகக் கேட்கிறேன். சுற்றாடல் மீளமைப்புக்கென்று ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறார்கள். 120 ஊழியர்கள் சம்பளத்தோடு ஒரு நாள் களத்தில் இறங்கலாம். அதைவிட, ஊழியர் கொடுக்கும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் வெளிநாட்டுத் தலைமையகம் தொண்டு அமைப்புக்கு ஒரு சிறு தொகை தனியாகக் கொடுக்கும்.

முகாமைத்துவத்தின் யோசனை இது: ஜூன் 5 சுற்றாடல் தினத்தன்று பத்தரமுல்லைப் பக்கம் ஒரு சதுப்பில் 1,000 மரம் நடுவது. அது சரிவராவிட்டால் ஒரு கால்வாயைத் துப்புரவாக்குவது. எதில் போட்டால் மூன்று வருடம் கழித்துப் போய்ப் பார்க்கும்போதும் அங்கே ஏதாவது நிற்கும்?

கரைமருது

தங்கச்சி, அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டு வருகிற கம்பனிகள் குறைவு. அதிலிருந்தே தொடங்குவோம்.

முதலாவது, சதுப்பில் மரம் வேண்டுமா என்பதே கேள்வி. கொழும்புப் பெருநகரத்தில் ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர் ஈரநிலம் இருக்கிறது. 2018 இல் ராம்சார் (ஈரநிலங்களுக்கான சர்வதேச உடன்படிக்கை) ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்ததே அதனால்தான். அதில் ஒரு பங்கு இயல்பிலேயே திறந்த நிலம்: சம்பு, கோரை, நீர்ப்புல். தாழைக்கோழிக்கும் கொக்குக்கும் நீர்நாய்க்கும் அந்தத் திறந்த வெளிதான் வாழ்விடம். அங்கே மரம் நட்டால் ஒரு வாழ்விடத்தை அழித்து இன்னொன்றை வைக்கிறோம். நடுவதற்கு வசதியாக மண் கொட்டி உயர்த்தினால் இன்னும் மோசம். ஒரு ஹெக்டேயரில் 10 சென்ரிமீற்றர் மண் போட்டால் 1,000 கன மீற்றர் வெள்ளம் தங்கும் இடம் போய்விடும். அந்தத் தண்ணீர் யாரோ ஒருவருடைய வீட்டுக்குள்தான் போகும்.

இரண்டாவது, யாருடைய நிலம்? கால்வாய்களும் அவற்றின் ஒதுக்கமும் பெரும்பாலும் இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பு. பூங்காக்கள் நகர அபிவிருத்தி அதிகார சபையிடமோ மாநகர சபையிடமோ இருக்கும். பாராளுமன்றத்தைச் சுற்றியுள்ள ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டே சரணாலயம் 1985 இல் பிரகடனம் செய்யப்பட்டது. அங்கே வனசீவராசிகள் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஒரு செடியைப் பிடுங்கவும் கூடாது, நடவும் கூடாது. "அதிகாரி ஐயா ஓம் என்று சொன்னார்" என்பது அனுமதி ஆகாது. அவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் உங்கள் மரத்தை வெட்டச் சொல்லுவார்.

மூன்றாவது, ஜூன் 5. மே மாதம் தென்மேல் பருவமழை இறங்கும். தாழ்ந்த இடங்களில் ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் முழங்காலுக்கு நிற்கலாம். இரண்டடி நாற்று இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தால் வேர் அழுகும். உயரமான கரையில் நட்டால் மூழ்காது, ஆனால் ஜூலை, ஆகஸ்ட் வெயிலையும் அந்த நேரம் கிளம்பும் கினிப் புல்லையும் தாங்கவேண்டும். கரைக்குச் செப்டெம்பர் கடைசி, ஒக்ரோபர் முதற்பாதி நல்லது. ஜூன் 5 ஐ உறுதிமொழிக்கும் படத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். நடுகைக்கு வேண்டாம்.

நாற்றுமேடை

அண்ணா சொன்ன ஒக்ரோபருக்கு ஒரு திருத்தம். கரையின் மேல்விளிம்புக்கு அது சரி. தண்ணீர் ஏறி இறங்கும் கீழ்விளிம்புக்கு ஒக்ரோபர் ஆகாது. நவம்பர் மழையில் அங்கே வெள்ளம் ஏறும். கொழும்பை மூழ்கடித்த 2010 வெள்ளம் நவம்பரில்தான் வந்தது. கீழ்விளிம்புக்கு டிசம்பர் நடுவில், தண்ணீர் வடியத் தொடங்கியதும் நடுங்கள். மண் ஈரமாக இருக்கும், ஜனவரி, பெப்ரவரி வரட்சியிலும் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போகும், அடுத்த மே வெள்ளத்துக்குள் செடி நான்கு அடியாவது வந்திருக்கும்.

நாற்று விஷயத்தில் கம்பனிகள் ஏமாறும் இடம் இது: ஒரு மாதத்துக்கு முன்பு வந்து 1,000 கேட்பார்கள். உள்ளூர் ஈரநில மரங்கள் அந்த எண்ணிக்கையில் எந்த நாற்றுமேடையிலும் சும்மா இருக்காது. இருப்பது மகோகனி, பூமரங்கள், பழக்கன்றுகள். அவைதான் லொறியில் ஏறும். மருது, புங்கு, நாவல், சமுத்திரப்பழம், நீர்ப்பூவரசு, தாழை இவையெல்லாம் வேண்டுமென்றால் ஆறிலிருந்து ஒன்பது மாதத்துக்கு முன்பே முற்பணம் கொடுத்து வளர்க்கச் சொல்லவேண்டும்.

வாங்கும்போது பார்க்கவேண்டியவை: உயரம் 60 முதல் 90 சென்ரிமீற்றர். தண்டின் அடி பென்சில் தடிப்பு. பையின் அடியால் வேர் வெளியே வந்து நிலத்தில் ஊன்றியிருந்தால் எடுக்கவேண்டாம். பிடுங்கும்போது ஆணிவேர் அறுந்துவிடும். பையைக் கிழித்துப் பார்க்க நூற்றுக்கு ஐந்து செடி கேளுங்கள். வேர் பைக்குள் வட்டமாகச் சுற்றியிருந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் திருப்பி அனுப்புங்கள். கடைசி மூன்று வாரமாவது நிழல்வலைக்கு வெளியே வெயிலில் நின்றிருக்கவேண்டும், இல்லாவிட்டால் நட்ட முதல் வாரத்திலேயே இலை கருகும்.

சிங்களத்தில் கொன் கதுரு என்று சொல்லும் மரமும் சதுப்புக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் அதன் விதை கொல்லும் நஞ்சு. பிள்ளைகள் நடமாடும் பூங்காவிலும் குடியிருப்புக் கரையிலும் அதை வைக்கவேண்டாம்.

வெள்ளவத்தைவாசி

மரக்கதை எல்லாம் சரி. வெள்ளவத்தைக் கால்வாயையும் தெஹிவளைக் கால்வாயையும் யார் பார்ப்பது? ஒவ்வொரு செப்டெம்பர் மூன்றாம் சனிக்கிழமையும் ரீசேர்ட் போட்டுக்கொண்டு வந்து கரையோரம் பொறுக்குகிறார்கள். அடுத்த மழைக்கு அதே குப்பை திரும்பவும் வருகிறது. 120 பேரை இன்னொரு முறை பொறுக்க விடுவதில் என்ன பயன்?

அலவாங்கு

வெள்ளவத்தைவாசி ஐயா கேட்பது நியாயம். பொறுக்குவதைவிட, குப்பை ஒரு இடத்தில் வந்து சேரும்படி செய்து அதைக் கிழமைக்கு மூன்று தரம் எடுப்பது பயன் தரும். நன்கொடைப் பணத்துக்கு இது நல்ல வேலை. ஆனால் மிதவைத் தடுப்பை, அதாவது குப்பையை மறிக்கக் கால்வாயில் மிதக்கவிடும் வேலியை, பிழையாகப் போட்டால் வெள்ளத்தை நாங்களே உண்டாக்குவோம். அதனால் விபரமாகவே எழுதுகிறேன்.

உடல்: 160 மில்லிமீற்றர் பிவிசி குழாய், 3 மீற்றர் துண்டுகளாக, இரண்டு முனையும் மூடி ஒட்டப்பட்டது. உள்ளே ரெஜிபோம் துண்டுகளை இறுக்கமாக அடைத்துவிட்டால் மூடி கசிந்தாலும் குழாய் தாழாது. துண்டுகளை வளையும்படி சங்கிலியால் இணைக்கவேண்டும்.

பாவாடை: குழாய்க்குக் கீழே 40 முதல் 50 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு வலை. அடியில் பாரத்துக்குச் சங்கிலி. கண் மிகவும் சிறிதாக இருந்தால் பாசியும் சல்வீனியா என்ற மிதக்கும் களையும் அடைத்துச் சுவர் மாதிரி ஆகிவிடும். 25 மில்லிமீற்றர் அளவு போதும்.

கோணம்: கால்வாய்க்குக் குறுக்கே நேராகப் போடக்கூடாது. ஓட்டத்துக்கு 30 முதல் 45 பாகை சாய்வாகப் போட்டால் குப்பை தானே நழுவி ஒரு கரைக்கு வரும். அந்தக் கரையில் லொறி நிற்க இடமும் இறங்கப் படியும் இருக்கவேண்டும். இடத்தைத் தெரிவதே இதை வைத்துத்தான். பாதை இல்லாத கரையில் பிடித்த குப்பை அங்கேயே அழுகும்.

நங்கூரம்: கொழும்பில் பெருமழைக்கு நீர்மட்டம் மிக விரைவாக ஏறும். கம்பியில் தொய்வு இல்லாவிட்டால் தடுப்பு நீருக்குள் போய்விடும் அல்லது நங்கூரத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். ஒரு முனை கட்டாயம் விரைவாகக் கழற்றும் கொக்கியில் இருக்கவேண்டும். கடும் மழை எச்சரிக்கை வந்தால் யார் போய்க் கழற்றுவது, அவருக்கு யார் சொல்வது என்பது ஒப்பந்தத்தில் எழுதப்படவேண்டும். கூட்டுத்தாபனத்தின் பொறியியலாளர் வரைபடத்தில் கையெழுத்து வைக்காமல் ஒரு முளைகூட அடிக்கவேண்டாம்.

பணம் எங்கே போகும்? தடுப்பு மலிவு. கிழமைக்கு மூன்று தரம் எடுக்கும் இரண்டு ஆட்கள், லொறி, கொட்டும் கட்டணம், இவைதான் செலவு. 36 மாதச் சம்பளத்தை ஒதுக்காமல் தடுப்பைத் திறந்துவைக்கும் கம்பனி, நான்கே மாதத்தில் நாறும் ஒரு குப்பைத் தீவைத்தான் அந்தத் தோட்டத்து (கரையோரக் குடியிருப்பு) மக்களுக்குக் கொடுக்கிறது.

மழைக்குருவி

நன்றி அலவாங்கு அண்ணா. அப்படியென்றால் ஊழியர்களுக்கு அங்கே என்ன வேலை?

அலவாங்கு

தண்ணீருக்குள் எந்த வேலையும் இல்லை. எடுத்த குப்பையைத் தரம்பிரித்து எண்ணும் வேலை இருக்கிறது, அது பெறுமதியானது. மாதம் ஒரு நாள், ஒரு லொறி அளவு, ஒரு நாள் வடியவிட்ட பிறகு. போத்தல், பால் பைக்கற், சோற்றுப் பொதி உறை, ரெஜிபோம், செருப்பு, துணி என்று எண்ணிக்கையாகப் பதியுங்கள். நிறை ஏமாற்றும்: ஈரமாக நிறுத்தால் பாதிக்கு மேல் தண்ணீரும் செடியுமாக இருக்கும். "5,000 கிலோ பிளாஸ்டிக் அகற்றினோம்" என்ற அறிக்கைகள் பல அப்படித்தான் வருகின்றன. எண்ணிக்கை இருந்தால், எந்தப் பொருள் எந்தக் கிளைக்கால்வாயிலிருந்து வருகிறது என்று மாநகர சபையிடம் காட்டி, அங்கே சேகரிப்பு லொறி போகாத ஒழுங்கையைக் கண்டுபிடிக்கலாம்.

கரைமருது

நீரில் மிதந்து படரும் களையான ஆகாயத்தாமரையையும் சொல்லிவிடுகிறேன், அடுத்ததாக அதைத்தான் கேட்பீர்கள். அடர்ந்த பரப்பில் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 30 கிலோ. 100 சதுர மீற்றர், அதாவது ஒரு சின்ன வீட்டு வளவளவு, 3 தொன். 60 பேர் ஒரு காலை முழுக்க இழுத்தால் அவ்வளவுதான் முடியும். நீளக்கை பெக்கோ (தோண்டும் இயந்திரம்) ஒன்று அதைச் சில மணித்தியாலத்தில் முடிக்கும். பெக்கோவுக்குப் பணம் கொடுங்கள். அது எட்டாத விளிம்புகளையும் சம்புப் பற்றைகளுக்குள் ஒளிந்திருக்கும் துண்டுகளையும் வள்ளத்தில் போய்க் கையால் எடுக்க இரண்டு பயிற்சி பெற்ற ஆட்களை வையுங்கள். ஒரு கைப்பிடி விட்டுவைத்தாலும் சில மாதத்தில் பரப்பு திரும்ப மூடும். நல்ல போசணை நீரில் இரண்டு கிழமைக்குள் இரட்டிப்பாகும் செடி அது. இந்தத் தீவில் 1909 இலேயே இதற்கென்று தனிச் சட்டம் வந்தது, இன்னும் முடியவில்லை.

எடுத்ததைக் கரையில் குவிக்கவேண்டாம். சாறு திரும்பத் தண்ணீருக்குள் வடியும், மழைக்கு முழுச் செடியும் சறுக்கி இறங்கும். குறைந்தது 10 மீற்றர் தள்ளிப் பரப்பி உலரவிட்டு ஏற்றுங்கள். கால்வாயில் எடுத்ததைப் பசளையாக்கி மரக்கறிக்குப் போடவும் வேண்டாம். வேர் பாரஉலோகங்களைப் பிடித்து வைத்திருக்கும். மரக்கன்றுக்கு மூடாக்காகப் போடலாம்.

ஊழியர்களுக்கு உண்மையிலேயே பொருந்தும் வேலை வெல் ஆத்தா பிடுங்குவது. சதுப்பு அன்னமுன்னா என்ற ஆக்கிரமிப்பு மரம். கோட்டே, கொலன்னாவைச் சதுப்புகளை அதுதான் மூடிக்கொண்டு வருகிறது. பழம் தண்ணீரில் மிதந்து போகும், விதை மாதக்கணக்கில் முளைப்புத்திறனோடு இருக்கும். இடுப்பளவுக்குக் கீழான கன்றுகளை ஈரமண்ணில் கையால் வேரோடு பிடுங்கலாம்; ஒருவர் ஒரு மணித்தியாலத்தில் நிறைய எடுப்பார், பயிற்சி பத்து நிமிடம். பெரிய மரத்தை வெட்டுவது வேறு: நிலமட்டத்தில் வெட்டினாலும் அடியிலிருந்து குருத்து வரும், ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு ஒருமுறை குருத்தைச் சீவிக்கொண்டே இருக்கவேண்டும், ஒரு வருடமாவது. களைநாசினியைத் தண்ணீர் ஓரத்தில், அதுவும் சரணாலயத்தில், நினைக்கவே வேண்டாம். வெட்டிய தடியை ஈரத்தில் போட்டால் சில வேர்விடும், மேட்டுக்குக் கொண்டுபோங்கள். பழம் காய்த்திருக்கும் நேரம் வெட்டுவதாக இருந்தால் முதலில் பழத்தைச் சாக்கில் சேர்த்துக் கட்டவேண்டும்.

கன்று அடையாளம் கட்டாயம் காட்டுங்கள். புங்கங்கன்றையும் மருதங்கன்றையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டால் நட்டதைவிட அதிகம் இழப்போம். காப்பாற்றவேண்டிய கன்றுகளுக்கு முதல்நாளே சிவப்பு நாடா கட்டுவது நல்ல பழக்கம்.

பேரேடு

கணக்குப் பக்கம் நான் எழுதுகிறேன். 120 ஊழியர், 400 மரம் என்று வைப்போம், 1,000 வேண்டாம். 3 மீற்றர் இடைவெளியில் இரண்டு வரிசையாக 400 என்றால் 600 மீற்றர் கரை. அதுவே பெரிய வேலை.

பராமரிப்பைக் கூட்டிப் பாருங்கள். ஒவ்வொரு செடியைச் சுற்றியும் 1 மீற்றர் வட்டத்துக்குப் புல் வெட்டி, மூடாக்குப் போட்டு, முளைக்கட்டைச் சரிபார்க்க ஒரு தொழிலாளி நாளொன்றுக்கு 70 செடி செய்வார். 400 க்கு 6 ஆள்நாள். முதல் வருடம் 8 சுற்று, இரண்டாம் வருடம் 6, மூன்றாம் வருடம் 4. மொத்தம் 18 சுற்று, 108 ஆள்நாள். ஜனவரி, பெப்ரவரியில் செடிக்கு 10 லீற்றர் வீதம் கிழமைக்கு இரண்டு தரம் ஊற்றினால் ஒவ்வொரு தரமும் 4,000 லீற்றர், ஒரு பவுசர். எட்டுக் கிழமைக்கு 16 பவுசர். நடும் நாளின் சாப்பாடு, பஸ், பதாகைச் செலவுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தால் எந்த இடத்தில் பணம் போகவேண்டும் என்பது தெரியும்.

100 ரூபாயை இப்படிப் பிரிக்கலாம்: நாற்று 10, நிலம் தயார்படுத்தலும் ஆக்கிரமிப்புச் செடி அகற்றலும் 20, நடும் நாள் 10, மூன்று வருடப் பராமரிப்பு 45, அளவீடு 10, எதிர்பாராதது 5. நடும் நாள் 10 ஐத் தாண்டினால் முகாமைத்துவத்திடம் காரணம் கேளுங்கள்.

கொடுப்பனவு: ஒப்பந்தத்தில் 30, நிலம் தயாரானதைப் பார்த்தபின் 20, நட்டபின் 20, பிறகு 12, 24, 36 ஆம் மாதங்களில் 10 வீதம். 12 ஆம் மாதம் 75 வீதம் உயிரோடு இருந்தால் அந்தப் 10 விடுவிக்கப்படும்.

வரி பற்றி: இந்தியாவில் 2013 ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டம் ஒரு அளவுக்கு மேற்பட்ட கம்பனிகளின் இலாபத்தில் 2 வீதத்தைச் சமூகப் பணிக்குக் கட்டாயமாக்கியது. இங்கே அப்படி இல்லை, கொடுப்பது விருப்பம். 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் நன்கொடைக் கழிவு இருக்கிறது. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட அறநிலையம் என்ற பிரிவு நோயாளர், ஏழைகள் பராமரிப்பு நிலையங்களை நினைத்து எழுதப்பட்டது. சுற்றாடல் அமைப்புக்குக் கொடுத்தால் கழிவு தானாக வரும் என்று எண்ணவேண்டாம். உள்ளூராட்சி சபைக்குக் கொடுப்பது வேறு வகை. ஒப்பந்தம் எழுதமுதல் வரி ஆலோசகரிடம் கேளுங்கள்.

தலைமையகத்தின் மணித்தியாலப் பணத்துக்கு அமைப்பின் பதிவுச் சான்றிதழ், யாப்பு, பணிப்பாளர் பட்டியல், கணக்காய்வு செய்த கணக்கு, வங்கி விபரம் எல்லாம் கேட்பார்கள். உத்தரவாதத்தால் வரையறுத்த கம்பனியாகவோ, தொண்டர் சமூக சேவை அமைப்புகளுக்கான 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழோ பதிவான அமைப்பைத் தெரியுங்கள். சரிபார்ப்புக்குச் சில மாதம் போகும், அதை முதலில் தொடங்குங்கள்.

கரைமருது

//12, 24, 36 ஆம் மாதங்களில் 10 வீதம்//

பேரேடு தம்பி, இந்த இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. சின்ன அமைப்புகளிடம் கைமுதல் இல்லை. தொழிலாளிக்குக் கிழமைக் கூலி கொடுக்கவேண்டும். 70 வீதத்தை நடுகையோடு கொடுத்து மீதியை வருடக்கடைசியில் கொடுத்தால், முதல் ஆறு மாதத்தில் காசு முடிந்து, புல் வெட்ட ஆள் வராமல், அதனாலேயே செடி சாகும். பராமரிப்புக் கூலியைக் காலாண்டுக்கு ஒருமுறை முன்கூட்டியே கொடுங்கள். விளைவோடு கட்டுவது கடைசிப் 10 வீதத்தை மட்டும்.

இன்னொன்று. உயிரோடு நிற்பதற்கு மட்டும் பணம் என்றால், எண்ணுவதற்கு முதல் வாரம் செத்த இடத்தில் புதுச் செடி வந்து நிற்கும். இலக்கமிட்ட அலுமினியத் தகடு ஒவ்வொரு செடிக்கும் கம்பியால் தளர்வாகக் கட்டுங்கள், அல்லது முளையில் அடியுங்கள். மீள்நட்டதை வேறு தொடரிலக்கத்தில் பதியுங்கள். சாவதைச் சொல்லத் தண்டனை இருக்கக்கூடாது. ஏன் செத்தது என்று எழுதியிருந்தால் எதிர்பாராத செலவுப் பணத்தில் திரும்ப நடலாம்.

பேரேடு

காலாண்டு முற்பணம் சரி, ஏற்றுக்கொள்கிறேன். அப்படியென்றால் ஒப்பந்தத்தில் 25, 15, 15 என்று முதல் மூன்றையும் குறைத்து, 35 ஐ 12 காலாண்டுக்குப் பிரித்து, கடைசி 10 ஐ 36 ஆம் மாதத்துக்கு வைக்கலாம். ஒவ்வொரு காலாண்டுக்கும் முன்பு கூலிப் பதிவேடும் இடக்குறிப்போடு படமும் வரவேண்டும்.

நிதியாண்டு முடிவையும் கவனியுங்கள். மார்ச் 31 க்குள் செலவழிக்கவேண்டும் என்பதற்காக மார்ச் வெயிலில் நடுவார்கள், மே வெள்ளம் வந்து முடித்துவிடும். பணத்தை இரண்டு கையொப்பக் கணக்கொன்றுக்கு முற்பணமாக மாற்றி, வேலையைப் பருவத்துக்கு விடலாம். கணக்காய்வாளருக்கு ஒப்பந்தத்தைக் காட்டினால் போதும்.

பெரிய பட்டியலிட்ட கம்பனிகளுக்கு 2025 முதல் எஸ்எல்எப்ஆர்எஸ் (இலங்கை நிதி அறிக்கையிடல் நியமங்கள்) எஸ்1, எஸ்2 நிலைபேற்று வெளிப்படுத்தல் வந்துவிட்டது. "நட்ட மரங்கள்" என்ற எண்ணைவிட "36 ஆம் மாதம் நின்ற மரங்கள்" என்ற எண்ணே கேள்விக்கு நிற்கும்.

வெள்ளவத்தைவாசி

கொழும்பு நடுவிலுள்ள பேர வாவியில் மிதக்கும் தோட்டம், மிதவைச் சட்டத்தில் செடி வளர்ப்பது, போடலாமே? கம்பனிகளின் படங்களில் அழகாக இருக்கிறது. மிக நெருக்கமாக நட்டு வளர்க்கும் மியாவாக்கிக் காடும் சொல்கிறார்கள்.

நாற்றுமேடை

மியாவாக்கி மேட்டுநிலத்துக்கு. பாடசாலை வளவு, வைத்தியசாலைப் பின்பக்கம், அப்படி. சதுர மீற்றருக்கு 3 நாற்று, மண்ணை ஒரு மீற்றர்வரை கிளறி சேதனப் பசளை கலப்பது, 100 சதுர மீற்றருக்கு 300 நாற்று. நகரச் சூட்டைக் குறைக்க நல்லது. சதுப்பில் அதைச் செய்தால் கரைமருது அண்ணா முதலில் சொன்ன கேடுகள் அத்தனையும் வரும்.

மிதக்கும் தோட்டத்துக்குக் கணக்குப் பாருங்கள். 110 மில்லிமீற்றர் பிவிசி குழாய், தன் நிறை போக, ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 7.5 கிலோ தாங்கும். 2 மீற்றருக்கு 1 மீற்றர் சட்டத்தில் சுற்றளவு 6, குறுக்குக் குழாய் இரண்டு, மொத்தம் 8 மீற்றர், 60 கிலோ. வளர்ந்த கல்வாழை, ஈரத் தும்பு, வேர் எல்லாம் சேர்ந்து சதுர மீற்றருக்கு 25 முதல் 30 கிலோ வரும். விளிம்பில்தான் நிற்கிறது. ஒரு ஆமை ஏறினால் சாயும். பலர் குறுக்குக் குழாயை விட்டுவிட்டு ஆறு மாதத்தில் தாழ்ந்துபோய்ப் பார்க்கிறார்கள்.

அதைவிட முக்கியம், செடி உறிஞ்சிய போசணை செடிக்குள்தான் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெட்டி வெளியே எடுக்காவிட்டால் அது வாடி விழுந்து திரும்ப வாவிக்குள் போகும். பேர வாவி ஏறத்தாழ 65 ஹெக்டேயர். மலக்கழிவு உள்ளே வந்துகொண்டிருக்கும்வரை பத்துப் பன்னிரண்டு மிதவையால் நீரின் தரம் மாறாது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு விளக்கிக் காட்டவும் பறவை தங்கவும் போடலாம். நீரைச் சுத்தமாக்குவதாக அறிக்கையில் எழுதவேண்டாம்.

அலவாங்கு

கண்டல் நடும் ஆசையும் வரும், முன்கூட்டியே சொல்கிறேன். சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆராய்ந்த ஆய்வொன்று 2017 இல் வந்தது. 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் நட முயன்று, 200 முதல் 220 ஹெக்டேயரில்தான் பலித்தது. ஒன்பது இடங்களில் ஒரு செடியும் இல்லை. பிழையான மட்டத்தில், பிழையான இனத்தை நட்டதும் பிறகு பார்க்காததும் காரணங்கள். கால்வாய் முகத்துவாரங்களில் மணல் திட்டு உடையும்போது உப்பு உள்ளே வரும். வரட்சியில் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மானியால் அளந்து பாருங்கள். கடல்நீர் சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 50 மில்லிசீமன்ஸ், நன்னீர் 1 க்குக் கீழ். இடைப்பட்ட இலக்கம் வந்தால் மருதும் நாவலும் வேண்டாம். நீர்ப்பூவரசு, பூவரசு, தாழை.

கேபியன் (கம்பிவலைக்குள் கல் அடுக்கிய) கல்வேலிக்கு மிக அருகில் மரம் வைக்கக்கூடாது, வேர் வலையைப் பிளக்கும். தூர்வாரும் இயந்திரம் போக எவ்வளவு அகலம் விடவேண்டும் என்பதையும் அனுமதிக் கடிதத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

சுகவாழ்வு

மழைக்குருவி தங்கச்சி, சுகாதாரத்தை யாரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன். கொழும்புக் கால்வாய்க்கரையும் சதுப்பும் எலிக்காய்ச்சல் இடம். எலியின் சிறுநீர் கலந்த நீர், காலில் உள்ள சிறு கீறலால் போதும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு இரண்டு கிழமைக்கு முன்பே கடிதம் கொடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இடத்தைப் பார்த்துத் தடுப்பு மருந்து வேண்டுமா என்று சொல்வார். வழமையாக டொக்சிசைக்கிளின் 200 மில்லிகிராம் கிழமைக்கு ஒருமுறை. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் அது பொருந்தாது. அவர்களுக்குப் பதிவுமேசை, தகடு இலக்கமிடல் போன்ற வேலை கொடுங்கள். வேலைக்குப் பிறகு இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் தசைநோவும் வந்தால் "சதுப்பில் வேலை செய்தேன்" என்று வைத்தியரிடம் சொல்லவேண்டும். இந்த ஒரு வசனத்தை அச்சிட்டு எல்லோருக்கும் கொடுங்கள்.

கம்பூட்ஸ், இறப்பர் பூசிய கையுறை, ஏற்பு ஊசி. புண் உள்ளவர் இறங்கவேண்டாம். பாராளுமன்றத்தைச் சுற்றியுள்ள தியவன்னாப் பக்கத்து நீரில் முதலை உண்டு; யாரும் தண்ணீருக்குள் கால் வைக்கக்கூடாது. காலை 6.30 க்குத் தொடங்கி 10.30 க்கு முடியுங்கள். 10 பேருக்கு ஒரு மேற்பார்வையாளர். குழு விபத்துக் காப்புறுதி அந்த நாளுக்கும் அந்த இடத்துக்கும் பொருந்துமா என்று எழுத்தில் கேளுங்கள். அலுவலகக் காப்புறுதி பல நேரம் வெளிக்களத்தை மூடாது. கைகழுவ 40 லீற்றர் தண்ணீரும் சவர்க்காரமும் தனியாக வேண்டும். சாப்பாடு வாழையிலையிலோ பெட்டியிலோ வரட்டும். மெல்லிய சோற்று உறை 2017 இலேயே தடை, இருந்தும் சிரமதானத்துக்கே அதில் கட்டிக்கொண்டு வருகிறார்கள்.

மழைக்குருவி

எல்லோருக்கும் மிக்க நன்றி. முகாமைத்துவத்துக்கு இப்படி எழுதப் போகிறேன்: ஒரே நாளில் 120 பேரை இறக்காமல், 10 பேர் கொண்ட 12 குழு, மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு வருடம். 600 மீற்றர் கரை, 400 மரம். நடுகைக்கு ஒக்ரோபர் குழுவும் டிசம்பர் குழுவும், மற்றவர்கள் புல் வெட்டுதலும் வெல் ஆத்தா பிடுங்குதலும். இது சரிவருமா? அப்படியென்றால் கூலியாட்கள் தேவைப்படாதா?

கரைமருது

குழுவாகப் பிரித்தது மிக நல்ல முடிவு. கூலியாட்கள் கட்டாயம் தேவை. 10 பேர் 3 மணித்தியாலம் என்றால் தாளில் 4 ஆள்நாள் மாதிரித் தெரியும். பழக்கமில்லாத கைகள் பாதி வேகம், அதனால் 2 என்று எண்ணுங்கள். ஒரு சுற்றுக்கு 6 வேண்டும். மீதி 4 க்குக் கரையோரத் தோட்டத்தில் இருக்கும் இரண்டு பேரைத் தெரிந்து மாதச் சம்பளத்துக்கு வையுங்கள். அவர்கள் தினமும் அந்த வழியால் போகிறவர்கள். மாடு கட்டினாலும் குப்பை கொட்டினாலும் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும், அவர்கள் சொன்னால் அயலார் கேட்பார்கள். அறிவிப்புப் பலகை தமிழ், சிங்களம் இரண்டிலும் இருக்கட்டும்.

நடுகையைப் 10 பேரால் முடிக்க ஏலாது. ஒக்ரோபருக்கு மூன்று குழு, டிசம்பருக்கு மூன்று குழு சேருங்கள். தேவையென்றால் அடுத்தடுத்த இரண்டு சனிக்கிழமை. குழிகளை முதல் கிழமையே கூலியாட்கள் வெட்டி வைக்கட்டும், 45 சென்ரிமீற்றர் நீளம், அகலம், ஆழம். மேல்மண்ணைத் தனியாகக் குவித்து முதலில் உள்ளே போடுங்கள். பையைக் கத்தியால் கிழித்து முழுதாக எடுக்கவேண்டும். நாள் முடிவில் பைகளை எண்ணுங்கள்: 200 செடி நட்டால் 200 பை கையில் இருக்கவேண்டும். குறைந்தால் அது மண்ணுக்குள் வேரை நெரித்துக்கொண்டு இருக்கிறது, தோண்டி எடுங்கள்.

மென்பொருள் கம்பனி என்கிறீர்கள். மணித்தியாலப் பணத்துக்குக் களவேலை மட்டும் கணக்கில்லை என்றால், தகடு இலக்கத்தைத் தட்டினால் உயரம், நிலை, படம் பதியும் சின்னச் செயலி ஒன்றைச் செய்துகொடுங்கள், தமிழிலும் சிங்களத்திலும், இணையம் இல்லாத இடத்திலும் வேலை செய்யும்படி. அதைப் பராமரிக்க இரண்டு பேரை மூன்று வருடத்துக்கு நியமியுங்கள். எங்கள் பக்கத்து அமைப்புகள் எல்லாவற்றுக்கும் உதவும்.

மழைக்குருவி

செயலிக்கு ஆட்கள் உடனேயே கிடைப்பார்கள். கடைசியாக, ஒக்ரோபரில் நடவேண்டும் என்றால் கடிதங்களை எப்போது தொடங்கவேண்டும்?

நாற்றுமேடை

பெப்ரவரியில் மூன்று வேலை ஒன்றாக: நில உரிமையாளருக்குக் கடிதம், நாற்றுக்கு முற்பணம், உப்பு அளவீடு. மே வெள்ளத்தில் கரையில் மூன்று முளை அடித்து, ஏறிய மட்டத்தைப் பெயின்ற்றால் குறியுங்கள். எந்த வரிசைக்கு எந்த இனம் என்பதை அந்தக் கோடுதான் சொல்லும். ஜூன் முதல் ஓகஸ்ட்வரை வெல் ஆத்தாவும் கினிப் புல்லும் அகற்றல். செப்டெம்பரில் குழி. முதல் எண்ணிக்கை ஜனவரியில், நட்ட மூன்றாம் மாதம். இலை உதிர்ந்து நிற்கும் செடியைச் செத்தது என்று உடனே எழுதவேண்டாம். நகத்தால் தண்டைக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது, தண்ணீர் ஊற்றுங்கள்.